கொக்கி வட்டமடித்த ஒன்பது நாட்கள்

தக்காளிச் சட்னிக்காக என் மனைவியோடு சண்டை போட்டதில்தான் இது ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்தவன், இடது கண்ணில் சோப்பு எரிந்ததால் அதை மூடிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் இரண்டு தோசை. பக்கத்தில் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று.

"இதுக்குப் பேர் சட்னியா? கப்பல்ல தக்காளி வரலையா, இல்ல நீ போட மறந்துட்டியா?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும், கூப்பிடாமலே வரும். அவள் கரண்டியோடு வந்து தட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"செக்கச்செவேல்னுதானே இருக்கு. ரெண்டு கண்ணையும் தொறந்து பாத்துட்டு அப்புறம் வாயைத் தொறங்க."

இரண்டையும் திறந்தேன். சட்னி சிவந்தது. இடது கண்ணை மூடினேன், வெளுத்தது. மறுபடி திறந்தேன், சிவந்தது. தோசை ஆறிப்போகும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன். பயம் வரவில்லை. ஒரு கிறக்கம்தான் வந்தது. காஸ் சிலிண்டர், கொடியில் கிடந்த அவளுடைய சிவப்புப் புடவை, காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். அத்தனை சிவப்பும் பல வருஷம் துவைத்துத் துவைத்து வெயிலில் போட்டது போல இருந்தது. இரண்டு நாளாகவே அந்தக் கண்ணை உருட்டினால் உள்ளே ஆழத்தில் வலித்துக்கொண்டிருந்தது. தூக்கம் போதவில்லை என்று விட்டிருந்தேன்.

அப்போது நான் ஹேடோ துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெயின்லேண்டிலிருந்து வரும் சரக்குக் கப்பலின் வயிற்றிலிருந்து சிமெண்டும் கம்பியும் அரிசியும் என் கொக்கியில் தொங்கித்தான் தீவில் கால் வைக்கும். கீழே நின்று எனக்குச் சிக்னல் கொடுப்பவன் என் மனைவியின் தம்பி. நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். டாலிகஞ்சில் அவன் வீடு, மரைன் ஹில்லில் என் வீடு, நடுவில் இந்தக் கிரேன். துறைமுகத்தில் தூக்கு என்பதற்கு ஹாபிஸ், இறக்கு என்பதற்கு ஆரியா. பெங்காலிக்கும் தெலுங்குக்காரனுக்கும் நமக்கும் பொதுவான பழைய பாஷை அது. எங்கள் இரண்டு பேருக்கும் அதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் ஒரு விரலை அசைத்தால் போதும். மற்ற சிக்னல்காரர்கள் சரக்கு இறங்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி நிற்பார்கள். இவன் பதினோரு வருஷமாகக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். நாங்கள் தாதா, அதாவது பெங்காலியில் அண்ணன், என்று கூப்பிடும் ஃபோர்மேன் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார். "மச்சான் இருக்கும்போது எனக்கென்ன தாதா" என்பான். அதைக் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அந்தப் பெருமையைத்தான் இன்றைக்கு நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கிரேன்காரனின் வித்தை தூக்குவதில் இல்லை, ஆட்டம் பிடிப்பதில் இருக்கிறது. கயிற்றில் தொங்கும் சரக்கு ஆடத்தான் செய்யும். ஆடும்போது கிரேனை நிறுத்தினால் இன்னும் ஆடும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கிரேனின் கையையும் கொண்டுபோய், சரியாக அதன் தலைக்கு மேல் நிறுத்த வேண்டும். அழுகிற பிள்ளையை அதன் போக்கிலேயே போய்த் தூக்குவது மாதிரி. சட்டென்று அடங்கிவிடும். இதைச் செய்யக் கண் வேண்டும், கை வேண்டும், யோசனை மட்டும் கூடாது.

மூன்றாம் நாள் வலது கண்ணுக்கு நடுவில் ஒரு புகை வந்து உட்கார்ந்தது. எதைப் பார்க்கிறேனோ அதுதான் மறையும், ஓரங்கள் தெரியும். மனைவியைப் பார்த்தால் முகம் இருக்காது, காதில் தோடு மட்டும் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் டாக்டர் ஒரு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை எடுத்து இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார். டார்ச்சை இங்கும் அங்கும் ஆட்டினார். கண்ணில் கோளாறு இல்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். மூன்று நாள் டிரிப் ஏற்ற வேண்டும், அதற்கு முன்னால் நாளைக்கே வி.ஈ.பி. என்று ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "திரும்பக் கிரேன் ஏறலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. நமக்குத் தெரிந்த வைத்தியம் நமக்கு. கண்ணில் ஏதாவது என்றால் அது சூடு, சூடு என்றால் எண்ணெய்க் குளியல், அதுவும் ஆம்பளைக்குச் சனிக்கிழமை. என் மனைவி நல்லெண்ணெயைக் காய்ச்சி மிளகும் சீரகமும் போட்டு உச்சந்தலையில் அரை ஆழாக்கு வைத்து அரக்கித் தேய்த்தாள். சீயக்காய் கொஞ்சமாகத்தான் போட்டாள். முழுக்க எடுத்துவிட்டால் குளிர்ச்சி தங்காதாம். தலை மினுமினுக்க, கண்ணுக்குள் புகையோடு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவன் மாதிரி ஆஸ்பத்திரி மாடி ஏறினேன்.

டெஸ்ட் எடுக்கிற ரூமில் ஏ.சி. குளிர், பாதி இருட்டு, ஒரு நாற்காலி, எதிரே டி.வி. மாதிரி ஒரு திரை. டெக்னீஷியன் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். "ஆயியே, பைட்டியே" என்று ஹிந்தியில் உட்காரச் சொல்லிவிட்டு என் பின்னந்தலையில் கை வைத்தாள். வைத்த கை வழுக்கிக்கொண்டு போனது.

"ஐயோ கடவுளே, எண்ணெயா!" என்றாள் சுத்தத் தமிழில்.

கச்சால் தீவில் பிறந்தவளாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். தமிழ் வந்ததும் திட்டும் வந்தது. "தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்கன்னு சீட்டுல போட்டிருக்குத்தானே அண்ணே? இதுல வயர் எப்படி ஒட்டும்?"

"படிக்கக் கண்ணு தெரிஞ்சா நான் எதுக்கும்மா இங்க வர்றேன்?" என்றேன்.

வாசலில் நின்ற என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வார்டு வாஷ்பேசினில் என் தலையைக் குனியவைத்து மூன்று ஷாம்பூ பாக்கெட் காலி செய்தாள். காலையில் எண்ணெய் தேய்த்த அதே கை, அதே வேகம். "இனிமே உன் வைத்தியத்தை உன் தம்பிக்குச் செய்" என்று நுரைக்குள்ளிருந்து கத்தினேன்.

தலை காய்ந்ததும் அந்தப் பெண் பின்னந்தலையில் ஓரிடத்தைச் சொரசொரப்பான பசையால் தேய்த்து ஒரு வயரை ஒட்டினாள். நெற்றியில் ஒன்று, உச்சியில் ஒன்று. வலது கண்ணில் பஞ்சு வைத்து மூடினாள். விளக்கை அணைத்தாள். திரையில் செஸ் போர்டு போலக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும், செகண்டுக்கு இரண்டு தடவை.

"புள்ளியை மட்டும் பாருங்க அண்ணே. எண்ணாதீங்க, தூங்காதீங்க. கட்டம் மாறுறதை உங்க மூளை பாத்துட்டு 'சரி'ன்னு சொல்லும். அந்தச் சரி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மிஷின் அளக்கும். நீங்க வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்."

எனக்கு இது விசித்திரமாக இருந்தது. நாற்பத்து நான்கு வருஷமாக என் மூளை எனக்குத் தெரியாமல் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இடது கண் முடிந்து வலது கண் வந்தபோது புள்ளி காணாமல் போனது. புகைக்கு நடுவில் எங்கோ அது இருந்தாக வேண்டும் என்று நினைத்து அந்த இடத்தையே பார்த்தேன். சதுரங்களின் ஓரங்கள் கரைந்தன. மழை பெய்யும்போது கேபினிலிருந்து கப்பலின் உள்ளே பார்ப்பது போல இருந்தது. அங்கிருந்து பார்த்தால் உலகமே கட்டம்தான்: கப்பலின் மூடி, சிமெண்டு மூட்டை அடுக்கு, ஜெட்டியின் கான்கிரீட் பலகைகள். அவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்து இடம் மாறின. நான் அவற்றின்மேல் செருப்பில்லாமல் நடந்து போகிறேன், கால் ஈரமாகிறது, தூரத்தில் மாப்ளே கையை அசைக்கிறான், தூக்கச் சொல்கிறானா இறக்கச் சொல்கிறானா தெரியவில்லை. கடலும் டிக் டிக் என்று நிறம் மாறிக்கொண்டிருந்தது. சுகமாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் பார்க்காமல் இருந்ததில்லை.

"அண்ணே! தூங்காதீங்க. நீங்க தூங்கினா வரி விழாது."

முடிந்ததும் கம்ப்யூட்டரில் காட்டினாள். இடது கண்ணுக்கு ஒரு நல்ல மேடு, கட்டம் மாறி நூறு மில்லி செகண்டில். செகண்டில் பத்தில் ஒரு பங்கு. வலது கண்ணுக்குக் கோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடந்தது. அதில் ஒரு சின்ன நெளிவைத் தொட்டுக் காட்டி, "கப்பல் கெளம்பிருச்சு அண்ணே. இன்னும் ஜெட்டிக்கு வந்து சேரல" என்றாள். தீவில் பிறந்தவளுக்கு இதைவிட நன்றாகச் சொல்ல வராது.

அன்றைக்கே டிரிப் ஏறியது. மூன்று நாள் டிரிப், அப்புறம் மாத்திரை. அடுத்த இரண்டு மாதத்தை எப்படிச் சொல்வது? விழித்துக்கொண்டே கண்ட கனவு அது. மரைன் ஹில் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து துறைமுகத்தை இந்தக் கண்ணால் கொஞ்ச நேரம், அந்தக் கண்ணால் கொஞ்ச நேரம் பார்ப்பேன். இடது கண்ணில் நான் வேலை பார்க்கும் ஹேடோ: துரு, டீசல் புகை, கத்தல். வலது கண்ணில் வேறொரு துறைமுகம். அதில் கப்பல்கள் மெழுகால் செய்தவை, தண்ணீரும் வானமும் ஒரே துணி, கிரேன்கள் யாரோ பென்சிலால் லேசாகக் கீறிவிட்டுப் போனவை. அங்கே யாரும் கத்துவதில்லை. சில மத்தியானங்களில் அந்தத் துறைமுகம்தான் நிஜம் என்று தோன்றும். வெயிலில் மேடு ஏறி வந்தாலோ, சூடாகக் குளித்தாலோ கண் இன்னும் மங்கும். ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் படுத்தால் திரும்ப வரும். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல சூடுன்னு" என்பாள் மனைவி. அந்த ஒரு விஷயத்தில் அவள் தோற்கவே மாட்டாள்.

மாப்ளே சாயங்காலம் சாயங்காலம் வருவான். என் இடத்தில் வேறொரு ஆள் ஓட்டுகிறான் என்பான். "சரக்கை அரிசி மூட்டைன்னு நெனக்காம எதிரி வீட்டு மூட்டைன்னு நெனச்சு எறக்குறான் மச்சான். நீங்க சீக்கிரம் வாங்க." எனக்கு அது தேனாக இருக்கும். நான் வேண்டும், நான்தான் வேண்டும். நாற்பத்து நான்கு வயது ஆளுக்கு இதைவிட வேறு என்ன மருந்து?

சிவப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஒருநாள் காலை மனைவி குனிந்து காப்பி கொடுக்கும்போது வலது கண்ணில் அவள் பொட்டு தெரிந்தது. நெற்றி நடுவில், முகத்தோடு, சிவப்பாக. வாய்விட்டு அழுதுவிட்டேன். "ஒரு பொட்டுக்கா இந்த அழுகை" என்று கேலி செய்தவள் உள்ளே போய் அவளும் அழுதாள்.

மூன்றாம் மாதம் கம்பெனி அனுப்பிய டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படித்தேன், இரண்டு கண்ணாலும் தனித்தனியாக. ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது வி.ஈ.பி.க்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை பொறு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

முதல் நாள் கேபினில் ஏறி உட்கார்ந்தபோது சீட்டு என் உடம்பை மறக்கவில்லை. கீழே மாப்ளே கும்பிடு போட்டுச் சிரித்தான். வெறும் கொக்கியை இறக்கினேன். அது இடமும் வலமுமாக லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை. வட்டம் போட்டது. இடமிருந்து வலம் போகும்போது என்னை நோக்கி வந்தது, வலமிருந்து இடம் போகும்போது விலகிப் போனது. கல்யாண வீட்டு வாசலில் ஆலத்தி சுற்றுவது போல, அவசரமில்லாமல், அழகாக. காற்று அப்படி அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் கடலில் ஒரு பறவைகூட நேராகப் பறக்காமல் வளைந்து வளைந்து போனது. எனக்கு அந்த ஜன்னல் துறைமுகம் ஞாபகம் வந்தது.

முதல் சரக்கு கம்பிக் கட்டு. அதுவும் வட்டம் போட்டது. என் கைக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டம் பிடிப்பது. கம்பி என்னைவிட்டு விலகிப் போகிறது என்று கண் சொன்னது. கை யோசிக்காமல் கிரேனை முன்னால் நீட்டியது. ஆனால் கம்பி அப்படிப் போகவே இல்லை. அது நேராகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. இல்லாத ஆட்டத்தைப் பிடிக்கப் போய் நானே உண்மையான ஆட்டத்தை உண்டாக்கினேன். கட்டு முன்னும் பின்னும் விசிறியது. மாப்ளே ஒரே எட்டில் பின்னால் குதித்தான். குதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்பது போலக் கையை ஆட்டிச் சிரித்தான்.

கட்டை அப்படியே தொங்கவிட்டு முகத்தைத் துடைத்தேன். துடைக்கும்போது வலது கண் மூடியிருந்தது. பார்த்தால் வட்டம் இல்லை. கம்பி இடமும் வலமுமாகச் சாதுவாக ஆடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தேன், வட்டம். மூடினேன், கோடு.

யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் போய் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். மறுநாளிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் வலது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். ஒற்றைக் கண்ணில் கொக்கி சொன்னபடி கேட்டது. ஆனால் தரை எவ்வளவு தூரம் என்பது மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. மூட்டைகள் மெத்தென்று இறங்காமல் தொப்பென்று விழுந்தன. மதியத்துக்குமேல் களைத்துப் போய்க் கண் தானாகத் திறந்துகொள்ளும், உலகம் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். எட்டாம் நாள் சிமெண்டு வலை மாப்ளேயின் பூட்ஸுக்கு ஒரு சாண் பக்கத்தில் விழுந்தது. அவன் நகரவில்லை. தூசி அடங்கியதும் கையைத் தூக்கி, அடுத்தது என்றான். அவன் பொண்ணு மூணாம் கிளாஸ் படிக்கிறாள். ஆனாலும் ஒன்பதாம் நாளும் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால், இறங்கினால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் பதில்.

பத்தாம் நாள் டெஸ்டுக்குப் போனேன். தலையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதே குளிர், அதே இருட்டு, அதே சதுரங்கள். இந்தத் தடவை வலது கண்ணிலும் புள்ளி சிவப்பாகத் தெரிந்தது. புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் மூளை சொல்லும் அந்தச் சரி எந்த வழியாக வருகிறது என்று யோசித்தேன். இருட்டில் ஒரு நீளமான பாலம், அதில் தனியாக ஒரு ஆள் நடந்து வருகிறான், பாலம் பாதியில் பழுது, பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறான். அவன்மேல் எனக்குப் பாவமாக இருந்தது.

"மேடு நல்லா வந்திருக்கு அண்ணே" என்றாள் அந்தப் பெண். சந்தோஷப்பட்டேன். அவள் விரல் கோட்டின்மேல் நகர்ந்தது. "ஆனா லேட். இடது நூறுல வருது. வலது நூத்தி முப்பதுல வருது. கண்ணு நல்லாத் தெரிஞ்சாலும் இது பல பேருக்கு இப்படியே இருந்துரும்."

"முப்பது மில்லி செகண்ட்ல என்னம்மா ஆயிரப்போகுது? கொசு கண்ணைச் சிமிட்டுற நேரம்கூட இல்ல" என்றேன். அப்புறம், யாரோ ஒருத்தனைப் பற்றிக் கேட்பது போல, நேராக ஆடுவது வட்டமாகத் தெரியுமா என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். ஒரு வயரின் நுனியில் பிளாஸ்திரிச் சுருளைக் கட்டினாள். சுவரோடு சுவராக நின்று அதை ஆடவிட்டாள். சுருள் என்னை நோக்கி வந்து, வளைந்து, சுவருக்குள்ளேயே நுழைந்து போய், மறுபடி வந்தது.

"எப்படிப் போகுது?"

"வட்டமா."

"சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறேன் அண்ணே. வட்டமாப் போக இங்க இடமே இல்ல." வயரை நிறுத்தினாள். "ஒரு கண்ணு இப்போ இருக்கிற இடத்தைச் சொல்லுது. இன்னொரு கண்ணு கொஞ்சம் முன்னாடி இருந்த இடத்தைச் சொல்லுது. ரெண்டையும் சேத்து வச்சு மூளை ஒரு வட்டத்தைப் போட்டுக்குது. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவள் முகம் மாறியது. ரிப்போர்ட்டில் அளவு மட்டும்தான் வரும் என்றாள். "வேலைக்குப் போகலாமா, வேணாமான்னு இந்த மிஷினுக்குச் சொல்லத் தெரியாது அண்ணே. எனக்கும் சொல்ல அதிகாரம் இல்ல. டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும்." கவரை என் கையில் வைத்துவிட்டு வயர்களைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. போகாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளிடமாவது சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் மாப்ளே துறைமுக கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். கப்பல் வந்து நின்றிருந்தது. கவரை அவனிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் சொன்னேன், வட்டம், கறுப்புக் கண்ணாடி, முப்பது மில்லி செகண்ட். இன்றைக்கு ஏற மாட்டேன், ஃபோர்மேனிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவன் அதிர்ச்சியடையவில்லை. டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"தெரியும் மச்சான்."

"என்னடா தெரியும்?"

"மொத நாளே தெரியும். இல்லாத ஆட்டத்தைப் பிடிக்கப் போனீங்கல்ல, அப்பவே உங்களுக்கு வேற என்னமோ தெரியுதுன்னு புரிஞ்சிருச்சு. மறுநாள் கண்ணாடி. பதினோரு வருஷத்துல நீங்க கண்ணாடி போட்டு நான் பாத்ததில்ல."

"தெரிஞ்சுமாடா ஒன்பது நாள் அங்கேயே நின்னே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தள்ளி நின்னா ஃபோர்மேன் கேப்பார்ல, இவன் ஏன் தள்ளி நிக்கிறான்னு. அப்புறம் மேலே பாப்பார். உங்களை எறக்கிருவாங்க. நீங்களா எறங்குற வரைக்கும் நிக்கலாம்னு நெனச்சேன்."

அறையக் கை ஓங்கினேன். டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓங்கிய கை அவன் தோளில் விழுந்தது, எடுக்க முடியவில்லை. "முட்டாப் பயலே, உங்க அக்கா மூஞ்சியில நான் எப்படிடா முழிச்சிருப்பேன்" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன், சத்தம் வெளியே வரவே இல்லை.

ஃபோர்மேனிடம் போய் என் ஹிந்தியில் சொன்னேன்: கண் நன்றாகத்தான் இருக்கிறது தாதா, ஆனால் ஒரு கண் லேட்டாகப் பார்க்கிறது. அவர் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கோடவுனில் மூட்டைச் சீட்டு சரிபார்க்க அனுப்பினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

அன்றைக்குக் கேபினில் வேறு ஆள் ஏறினான். நான் கோடவுன் வாசலில் நின்று பார்த்தேன். முதல் வலை கப்பலிலிருந்து மேலே வந்து, என் கண்ணில் மட்டும் வட்டமடித்துக்கொண்டு, ஜெட்டிக்கு மேல் நகர்ந்தது. மாப்ளே பழக்கதோஷத்தில் அதே இடத்தில் போய் நின்றான்.

"தள்ளி நில்லுடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் எண்ணி எண்ணிப் பத்தடி தள்ளிப் போய் நின்றான்.